காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள்

சைக்கிள் கடையில் காற்றடித்து முடித்ததும் கடைக்காரர் கட்டைவிரலால் டயரை ஒரு முறை அழுத்திப் பார்ப்பார். விரல் உள்ளே போகவில்லை என்றால் அவருக்குத் திருப்தி. "கல்லு மாதிரி இருக்கு, போயிட்டு வாங்க" என்பார். டயர் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு லேசாக ஓடும் என்பது நம் ஊரில் யாரும் சந்தேகப்படாத சங்கதி. காற்று குறைந்த சைக்கிளை மிதித்து மூச்சு வாங்கிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கிறது அல்லவா?

தார்ச்சாலையில் இது பெரும்பாலும் சரிதான். ஆனால் கல் மாதிரி காற்றடித்த சைக்கிளோடு வத்திராயிருப்பு, கூமாபட்டி தாண்டி மலையடிவாரத்துச் சரளைத் தடத்தில் இறங்கிப் பாருங்கள். தடத்தில் ஏற்றமே இருக்காது, ஆனாலும் கால் வலிக்கும். கூட வருபவர் அகலமான டயரில் பாதிக் காற்றோடு, பேசிக்கொண்டே முன்னால் போய்விடுவார். அவருக்குக் காலில் பலம் அதிகம் என்று நினைக்க வேண்டாம். சைக்கிளை மாற்றிக்கொண்டால் பேசுகிறவரும் மூச்சு வாங்குகிறவரும் இடம் மாறிவிடுவார்கள். தொட்டால் அமுங்கும் டயர், கல் மாதிரி இருக்கும் டயரைவிட எப்படி லேசாக ஓடுகிறது?

முதலில் தடத்தைப் பார்ப்போம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு மேற்கே திரும்பினால் மலை. அந்த மலையின் காலடியில் வரிசையாக நீர்த்தேக்கங்கள். தேவதானம் அருகே சாஸ்தா கோவில் அணை, அய்யனார் கோவில் போகும் வழியில் ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம், வடக்கே பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். (முல்லைப் பெரியாறு வேறு, இந்தப் பெரியாறு வேறு. வெளியூர்க்காரர்கள் குழம்பிவிடுகிறார்கள்.) பெரியாறு அணை சுமார் 47 அடி, கோவிலாறு சுமார் 42 அடி. மேட்டூரைப் பார்த்தவர்களுக்குச் சின்ன அணைகள்தான். 2025இல் ரீல்ஸ் புண்ணியத்தில் கூமாபட்டி தமிழ்நாடு முழுவதும் தெரிந்த பெயராகிவிட்டது. அங்கே குளிக்க இடம் தேடி வந்தவர்களைவிட, சைக்கிளில் சுற்ற வந்தவர்களுக்குத்தான் கண்ணுக்கு விருந்து அதிகம் என்பது என் கருத்து.

இந்தத் தடங்கள் சமமாக இருந்தும் கரடுமுரடாக இருப்பதற்கு மலை ஓடைகளே காரணம். சரிவில் வேகமாக வரும் தண்ணீர் பெரிய கற்களையும் உருட்டிக்கொண்டு வரும். அடிவாரத்தில் சரிவு குறைந்ததும் வேகம் குறைகிறது, தூக்கி வந்ததைத் தொடர்ந்து தூக்க முடிவதில்லை. கனமானதை முதலில் போடும், மணலைச் சற்றுத் தள்ளிப் போடும், வண்டலைக் கண்மாய் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால்தான் அணைப் பக்கம் கூழாங்கல்லும் சரளையும், வத்திராயிருப்பு வயல்கள் பக்கம் நெல் விளையும் மண்ணும். மலையிலிருந்து கிழக்கே ஒருவர் சைக்கிளில் வந்தால், சக்கரத்தின் அடியில் கல் சிறுத்துக்கொண்டே வருவதை ஹேண்டில்பார் வழியாக உணரலாம். டயருக்குக் கடினமான பரீட்சை அணைக்குப் பக்கத்தில்தான்.

இனி சக்கரத்துக்கு வருவோம். சைக்கிளின் எடையைத் தாங்குவது டியூபில் அடைத்த காற்று. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, அதில் பின் சக்கரத்தின் மேல் 48 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அடித்திருந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறக்குறைய 4.2 கிலோவைத் தாங்கும். அப்படியானால் 48 கிலோவைத் தாங்க சுமார் 11 சதுர சென்டிமீட்டர் தரையில் பட்டால் போதும். காற்றை 30 பவுண்டாகக் குறைத்தால் சுமார் 23 சதுர சென்டிமீட்டர் தேவைப்படும். டயர் தானாகவே அவ்வளவுக்குத் தட்டையாகிக்கொள்ளும். தரையில் படும் இந்த இடத்தைத் தொடுபரப்பு என்போம். டயரில் மை தடவி, கீழே வெள்ளைத்தாள் வைத்து, சைக்கிளில் ஏறி உட்கார்ந்து எழுந்தால் இதை அச்செடுத்தே பார்க்கலாம். டயர் உறையின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் அளவு அச்சு அசலாக ஒத்துப்போகாது, ஆனால் விலகலும் பெரிதாக இருக்காது.

சக்கரம் சுற்றச் சுற்ற டயரின் ஒவ்வொரு பகுதியும் தரைக்கு வரும்போது தட்டையாகி, தரையை விட்டு விலகும்போது பழையபடி வளைகிறது. ரப்பர் இதை இலவசமாகச் செய்து தருவதில்லை. பரோட்டாவுக்குப் பிசைந்த மாவு உருண்டையை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால், குழி மெல்ல மெல்ல, அரை மனதாக மேலே வரும். அழுத்தியபோது நாம் கொடுத்த ஆற்றலில் ஒரு பங்கை மாவு விழுங்கிவிட்டது. ரப்பர் மாவைவிடப் பல மடங்கு நாணயமானது, ஆனாலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். அப்படி எடுத்துக்கொண்டது வெப்பமாகிறது. பள்ளிப் புத்தகத்தில் காந்தத் தயக்கம் என்று படித்திருப்போமே, அதற்கு உறவான விஷயம் இது, ரப்பரின் தயக்கம். நெடுஞ்சாலை ஓரம் லாரியை நிறுத்தும் ஓட்டுநர் ஒவ்வொரு டயராகத் தொட்டுப் பார்ப்பதும் இதற்காகத்தான். காற்று குறைந்த டயர் அதிகம் வளையும், அதனால் மற்றவற்றைவிடச் சுடும்.

சக்கரம் உருளும்போது இப்படி இழப்பதை உருளல் தடை என்கிறோம். இதுவரை சொன்னதெல்லாம் கடைக்காரருக்குச் சாதகமானது. காற்றைக் கூட்டினால் டயர் குறைவாக வளையும், தயக்கத்தில் போகும் ஆற்றல் குறையும், சைக்கிள் லேசாக ஓடும்.

இதில் ஊர்ப் பெருமை பேச ஓர் இடம் இருக்கிறது. டயர் என்றால் ரப்பர் என்று நினைக்கிறோம், ஆனால் எடையைத் தாங்கும் எலும்புக்கூடு நூல்தான். ரப்பர் அதன் மேல் பூசிய பூச்சு. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து நூற்பில் வாழும் ஊருக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆரம்பத்தில் டயருக்குள் நெய்த துணியைத்தான் வைத்தார்கள். நெசவில் பாவும் ஊடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குவதால், டயர் வளையும் ஒவ்வொரு முறையும் இழைகள் ஒன்றையொன்று உரசின. ஆற்றல் வீணானது, துணியும் சீக்கிரம் கிழிந்தது. 1890களில் அமெரிக்காவின் பால்மர் என்பவர் இழைகளை நெய்யாமல், பக்கம் பக்கமாகக் கிடத்தி, ரப்பரால் பிரித்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் அதுதான் அடிப்படை, பருத்திக்குப் பதிலாக நைலான் வந்திருக்கிறது, அவ்வளவே. நூலில் நம்பர் கூடினால் இழை மெலியும் என்பது மில்லில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். டயரிலும் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்ற கணக்கு உண்டு. மலிவான டயரில் 30க்குப் பக்கம், நல்ல டயரில் 60, விலை உயர்ந்ததில் 120. இழை மெலிந்தால் உறை மெலியும், மெல்லிய உறை வளைவதற்குத் தயங்காது. ஒரே அகலம், ஒரே காற்று, ஆனாலும் 60 இழை டயர் 30 இழை டயரைவிட லேசாக ஓடுவதன் ரகசியம் நூலில் இருக்கிறது.

அகலத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரே காற்றழுத்தத்தில் ஒல்லி டயருக்கும் அகல டயருக்கும் தொடுபரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வடிவம் மட்டும் வேறு. ஒல்லி டயரில் அது நீளவாக்கில் ஒடுங்கியிருக்கும், அகல டயரில் குட்டையாக, அகலமாக இருக்கும். நீளமாகத் தட்டையாகும் டயர் பக்கவாட்டில் அதிகம் மடங்கவேண்டும். ஆகவே ஒரே அழுத்தத்தில் அகல டயர்தான் லேசாக ஓடும். பார்வைக்கு நம்பச் சிரமமாக இருக்கும்.

சரி, சரளையில் என்ன ஆகிறது? கல் மாதிரி இறுகிய டயர் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள கூழாங்கல்லைச் சந்தித்தால் அதன் மேல் ஏறியாக வேண்டும். சக்கரம் ஏறினால் அதன் மேலுள்ள சைக்கிளும் ஆளும் ஏறவேண்டும். 80 கிலோவை ஒரு சென்டிமீட்டர் தூக்க சுமார் 8 ஜூல் ஆற்றல் வேண்டும். மீட்டருக்கு ஒரு கல், வேகம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் என்றால், விநாடிக்கு நான்கு கற்கள், அதாவது 30 வாட்டுக்கு மேல். நிதானமாக மிதிக்கும் ஒருவர் மொத்தமாகச் செலவிடுவது 75 முதல் 100 வாட். அதில் மூன்றில் ஒரு பங்கு கல் ஏறுவதற்கே போய்விட்டால் கால் வலிக்காமல் என்ன செய்யும்? உண்மையில் கல்லிலிருந்து இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், உடம்பும் முழுதாக ஒரு சென்டிமீட்டர் உயராது. ஆகவே 30 வாட் என்பது மேல் வரம்பு. ஆனால் தயக்கத்தில் காசு காசாக மிச்சம் பிடித்துவிட்டு, கல்லில் ரூபாய்க் கணக்கில் விடுகிறோம் என்பது இதிலேயே தெரிகிறது.

காற்று குறைந்த டயர் கல்லின் மேல் ஏறுவதில்லை. கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. அச்சு ஏறக்குறைய அதே உயரத்தில் போகிறது, கல் போனதும் ரப்பர் விரிந்து பெரும்பகுதி ஆற்றலைத் திருப்பித் தருகிறது.

இறுகிய டயர் கல்லிலிருந்து இறங்கும்போது திரும்பாத ஆற்றல் எங்கே போகிறது என்று கேட்கலாம். பெரும்பகுதி சவாரி செய்பவரின் உடம்புக்குள்தான் போகிறது. இதை அளந்து பார்த்தவர்கள் சைக்கிள்காரர்கள் அல்ல. 1960களில் அமெரிக்க ராணுவத்துக்காக பிராட்கோ, லீ என்ற ஆய்வாளர்கள், கரடுமுரடான நிலத்தில் வண்டி ஏன் இன்னும் வேகமாகப் போக முடிவதில்லை என்று ஆராய்ந்தார்கள். எஞ்சினில் பலம் மிச்சம் இருந்தது. தாங்க முடியாமல் போனது ஓட்டுநரின் உடம்புதான். குலுங்கும் இருக்கையில் ஆட்களை உட்காரவைத்து, தசையும் குடலும் குலுங்கி எவ்வளவு ஆற்றலை உறிஞ்சுகின்றன என்று கணக்கிட்டார்கள். அது 6 வாட்டைத் தொட்டால் ஓட்டுநர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள் என்ற அளவுகோல் அதிலிருந்து வந்தது. ராணுவ வாகன வடிவமைப்பில் அது நெடுங்காலம் நிலைத்தது. ராணுவ ஓட்டுநருக்கு அந்த ஆற்றலை எஞ்சின் தருகிறது. சைக்கிளில் வருபவர் தன்னைத் தானே குலுக்கிக்கொள்ளும் செலவையும் தன் காலாலேயே கட்டவேண்டும்.

ஆக, காற்றைக் கூட்டினால் ஓர் இழப்பு குறைகிறது, மற்றொன்று கூடுகிறது. எது பெரிது என்பதைத் தரை முடிவு செய்கிறது. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

காற்று டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்தின் ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845இல். அப்போது மிதிவண்டிச் சந்தையே கிடையாது. குதிரை வண்டிக்குத்தான் அவர் அதைச் செய்தார். லண்டனின் ரீஜென்ட் பூங்காவில் சாதாரணச் சக்கரத்தையும் காற்றுச் சக்கரத்தையும் இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்தார்கள். நல்ல சாலையில் காற்றுச் சக்கரத்துக்குக் குறைவான விசை போதுமாக இருந்தது. புதிதாக உடைத்துப் போட்ட ஜல்லியில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு பெரிதாக இருந்தது. தரை மோசமாக மோசமாக, நெகிழும் சக்கரத்தின் லாபம் கூடுகிறது. பதில் அப்போதே கிடைத்துவிட்டது. வாங்கத்தான் ஆள் இல்லை.

நாற்பது ஆண்டு கழித்து, தாம்சனைப் பற்றி அறியாமலே, பெல்ஃபாஸ்ட் நகரத்தின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் அதை மறுபடி கண்டுபிடித்தார். மகனின் மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் குலுங்குவதைக் குறைப்பதே நோக்கம். அவர் செய்த சோதனைக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. வண்டியின் பழைய சக்கரத்தையும், ரப்பர் குழாய் சுற்றிக் காற்றடைத்த சக்கரத்தையும் முற்றத்தில் தள்ளிவிட்டார். பழையது பாதியில் நின்றது. காற்றுச் சக்கரம் முற்றத்தைக் கடந்து, வாயில் கம்பத்தில் மோதித் திரும்பி வந்தது. 1888இல் காப்புரிமை. 1889 மே மாதம் பெல்ஃபாஸ்டில் வில்லி ஹ்யூம் என்ற வீரர் டன்லப் டயர் மாட்டிய சைக்கிளில் பந்தயங்களை வென்றார். தாம்சன் முந்திக்கொண்டது பிறகு தெரியவந்து டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பிறகு சாலைகள் வழவழப்பாயின. ஆய்வுக்கூடத்தில் சுழலும் எஃகு உருளையின் மேல் டயரை அழுத்தி உருளல் தடையை அளக்க ஆரம்பித்தார்கள். அந்த உருளையில் கல்லும் இல்லை, மேலே குலுங்குவதற்கு ஆளும் இல்லை. ஆகவே சோதனை எப்போதும் ஒரே பதிலைச் சொன்னது: இன்னும் காற்றடி. பந்தயச் சைக்கிள் டயர்கள் ஒல்லியாகி 23 மில்லிமீட்டரில் வந்து நின்றன. காற்று 100 பவுண்டைத் தாண்டியது. 2000களில்தான் சிலர் சைக்கிளை ஆளோடு சேர்த்து உண்மையான சாலையில் ஓட்டி அளந்தார்கள். சியாட்டிலின் ஜான் ஹைன், நெடுஞ்சாலை ஓரத்தில் தூங்கும் ஓட்டுநரை எழுப்பப் போட்டிருக்கும் வரிப்பள்ளங்களின் மேலும், பக்கத்திலுள்ள வழவழப்பான தாரிலும் ஒரே வேகத்தில் மிதித்து, மிதிக்கும் ஆற்றலை அளக்கும் கருவியால் ஒப்பிட்டார். குலுக்கலின் விலை எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிதாக இருந்தது. இன்று உலகின் முன்னணிப் பந்தய வீரர்களே 28, 30 மில்லிமீட்டர் டயரில், முன்பைவிடக் குறைந்த காற்றோடு ஓடுகிறார்கள்.

மலைச் சைக்கிள்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில், நம் பிளவக்கல் போலவே மலையும் நீர்த்தேக்கங்களும் சூழ்ந்த இடத்தில், சில இளைஞர்கள் 1930கள், 40களின் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மண் தடங்களில் ஓட்டினார்கள். அவர்கள் அவற்றைத் தேடியதற்கு முக்கியக் காரணம், இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான டயர். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் நடந்த இறக்கப் பந்தயம் இந்த விளையாட்டின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது சேர்ந்தது. நம் ஊரில் கேரியரில் பால் கேனைக் கட்டிக்கொண்டு தோப்புப் பாதையில் வரும் பழைய கறுப்புச் சைக்கிளும் இந்த விஷயத்தில் குறைந்ததல்ல. அதன் டயர் சுமார் 40 மில்லிமீட்டர் அகலம், சக்கரம் பெரிது. பால் குலுங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்புக்குப் போய்ச்சேர்வதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

எவ்வளவு இறக்குவது? அடியோடு இறக்கினால் வேறு தொல்லைகள். கூரான கல்லில் டயர் முழுதாக நசுங்கி, டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் மாட்டி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். வளைவில் டயர் பக்கவாட்டில் நெளியும். டயரின் பக்கத்தில் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் அச்சிட்டிருப்பார்கள், அந்த எல்லைக்குள்தான் விளையாட்டு. இரண்டு அங்குல டயர், 65, 70 கிலோ எடையுள்ள ஆள் என்றால் சரளையில் 25 முதல் 35 பவுண்டு ஒரு நல்ல தொடக்கம். பின் சக்கரத்துக்கு எடை அதிகம் என்பதால் முன்னதைவிட இரண்டு மூன்று பவுண்டு கூடுதல்.

மீதியை டன்லப் போல நீங்களே அளக்கலாம். லேசான சரிவுள்ள சரளைத் தடத்தில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து மிதிக்காமல் சைக்கிளை உருளவிடுங்கள். நிற்கும் இடத்தில் ஒரு கல் வையுங்கள். 40 பவுண்டில் தொடங்கி, நான்கு நான்காகக் குறைத்து, ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்யுங்கள். உட்காரும் விதத்தை மாற்றக்கூடாது. தூரம் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் குறையத் தொடங்கும். அந்த உச்சம்தான் உங்கள் எடைக்கும் அந்தத் தடத்துக்குமான காற்று. ஆனி, ஆடியில் இதைச் செய்ய வேண்டாம், மலையிலிருந்து இறங்கும் காற்று கணக்கைக் கலைத்துவிடும். விடிகாலை நல்லது. இன்னொன்று, காலையில் நிழலில் 30 பவுண்டு வைத்த டயர், மத்தியான வெயிலில் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் 34 பவுண்டுக்குப் போய்விடும். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து, தடம் திடீரென்று முரடாகிவிட்டது என்று தோன்றினால் தடத்தின் மேல் குற்றமில்லை.

கண்மாய்க் கரையில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் உதவாத ஓர் எதிரி உண்டு, சீமைக் கருவேல முள். அதற்குக் காற்றழுத்தத்தில் மருந்து இல்லை. பஞ்சர் ஒட்டும் சாமானோடு போங்கள், அல்லது ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம் ஊற்றிய டியூப் இல்லாத டயருக்கு மாறிவிடுங்கள்.

மலைக்குள் ஏறும் ஆசை வேண்டாம். சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமான காடு, 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே சக்கரம் நுழையக்கூடாது. அணைப் பகுதியிலும் நீர்வளத்துறை எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கே நின்றுகொள்ளுங்கள். அடிவாரத்துத் தோப்புத் தடங்களும் கண்மாய்க் கரைகளும் ஒரு காலைப் பொழுதுக்குப் போதும்.

புதிதாக மலைச் சைக்கிள் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்த மாடலைக் காட்டி, சில ஆயிரம் கூடுதலாகக் கேட்பார்கள். இந்த மாதிரிச் சுலபமான தடத்தில் விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க் பெரும்பாலும் எடையைத்தான் கூட்டும். சின்னக் கற்களுக்கு அது அசைவதற்குள் டயர் வேலையை முடித்துவிடும். அந்தப் பணத்தில் மெல்லிய இழைகொண்ட இரண்டு அங்குல டயர், ஒரு கைப்பம்பு, அளவு காட்டும் ஒரு காற்றழுத்தமானி வாங்கிக்கொள்ளுங்கள். தடம் முடிந்து கிருஷ்ணன்கோவில் வழியாகத் தார்ச்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும்போது பத்து, பதினைந்து பவுண்டு கூடுதலாக அடித்துக்கொள்ள அந்தப் பம்பு உதவும்.